செக்கில் இருக்கும் பெயர்

மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களில் 420 ஊராட்சிகள் இருக்கின்றன. 2019 டிசம்பர் தேர்தலில் வென்று 2020 ஜனவரி 6 அன்று பொறுப்பேற்ற அவற்றின் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் 2025 ஜனவரி 5-உடன் முன்னாள் ஆனார்கள். அவர்களுடைய இடத்துக்குத் தனி அலுவலர்கள் வந்தார்கள். அறையும் முத்திரையும் கைமாறின. அந்த ஐந்து ஆண்டுகளில் போட்ட கையெழுத்துகள் மட்டும் கைமாறவில்லை. தெருவிளக்கு வாங்கிய பில், சிமெண்டுச் சாலைக்கு எழுதிய அளவுப் புத்தகம், போர்வெல் மோட்டாரைப் பழுதுபார்த்த வவுச்சர் என எதன்மேல் தணிக்கைத் தடை எழுந்தாலும், அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் அன்று கையெழுத்துப் போட்டவர்தான். பதவி முடிந்தவருக்கு அந்தக் கடிதம் வீட்டு முகவரிக்கு வரும்.

உள்ளாட்சி மன்றத்தில் உட்காரும் ஒருவர் எதற்கெல்லாம் தன் சொந்தப் பணத்தால், சொத்தால், சில நேரம் சிறைவாசத்தால் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைத் தேர்தல் நேரத்தில் யாரும் பேசுவதில்லை. வேட்புமனுவோடு சொத்து விவரம் கேட்கிறார்கள். அந்தச் சொத்து எந்தச் சூழலில் ஜப்திக்கு ஆளாகும் என்று சொல்வாரில்லை. சட்டத்தைத் திறந்தால் அதற்கு விடை இருக்கிறது. சட்டம் முதலில் கையெழுத்தைத் தேடுகிறது, கையெழுத்துக்கு உரியவரைப் பிடிக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியிலோ அதிகாரம் கையெழுத்துப் போடுபவரிடமே இருந்தது என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. ஆட்டி வைத்தவர் ஒருவர், செக்கில் பெயர் இன்னொருவருடையது என்ற நிலையில், இந்தச் சட்டப் பொறுப்பு இருப்பவர்களிலேயே எளியவர் தலையில் போய் விழுகிறது. இதைத் திருத்தாமல் ஊழலைத் தண்டிப்பதாக நாம் சொல்லிக்கொள்வதில் நேர்மை இல்லை.

பாண்டிய நாட்டுக்கு இந்தக் கேள்வி பழையது. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 800-ஐச் சேர்ந்தது. ஊர்ச் சபையில் உட்காரத் தகுதியானவர் யார் என்று விதித்ததோடு அது நிற்கவில்லை. சபைக்கு வரும் ஒவ்வொன்றுக்கும் கூடாது, கூடாது என்றே சொல்லிக் காரியத்தை முடக்குபவர் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும், அவருக்குத் துணை நிற்பவரும் கட்ட வேண்டும் என்று விதித்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்தே விலக்கியது. நிலமும் வேதப் படிப்பும் உடைய பிராமணர்களின் சபைகள் அவை, ஊர்ச் சனம் முழுவதும் அங்கே உட்காரவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மானூர்ச் சபை தவறு செய்தவரோடு அவருக்குப் பின்னால் நின்றவரையும் சேர்த்துத் தண்டித்தது. இன்றைய சட்டத்தில் அந்த இரண்டாவது ஆளைப் பிடிக்கும் பகுதி மெலிந்து கிடக்கிறது.

நாம் இன்று பின்பற்றும் முறை ஆங்கிலேயர் வழியாக வந்தது. சட்டத்துக்குப் புறம்பாகச் செலவான பணத்தைத் தணிக்கையாளர் ஏற்க மறுத்து, அந்தச் செலவை அனுமதித்தவரிடமிருந்தே வசூலிக்கச் சொல்வதுதான் தண்டத்தீர்வை. இங்கிலாந்தில் அதன் வரலாறு இரு முகம் கொண்டது. கிழக்கு லண்டனின் பாப்லர் நகர மன்றம் தன் தொழிலாளர்களுக்கு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல, வாரம் 4 பவுண்டு கூலி கொடுத்தது. அது அளவுக்கு மீறிய தாராளம் என்று தணிக்கையாளர் 5,000 பவுண்டு தண்டத்தீர்வை விதித்தார். 1925-இல் பிரபுக்கள் சபை அதை உறுதி செய்தது. 1985-இல் லிவர்பூல் கவுன்சிலர்கள் 47 பேர் வரி விகிதத்தை உரிய காலத்தில் நிர்ணயிக்காமல் தள்ளிப்போட்டதற்காக 1,06,103 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று, பதவியும் போனது. அதே சட்டம்தான் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மன்றத்தின் தலைவியாக இருந்த ஷெர்லி போர்ட்டரையும் பிடித்தது. ஊசலாடும் வார்டுகளில் தன் கட்சிக்கு வாக்கு சேர்வதற்காக மன்ற வீடுகளை விற்ற வழக்கில், 2001-இல் பிரபுக்கள் சபை அவர் மீதான பொறுப்பை உறுதி செய்தது. கோரப்பட்ட தொகை சுமார் 2.7 கோடி பவுண்டு. 2004-இல் 1.23 கோடிக்கு அது முடித்துக்கொள்ளப்பட்டது. ஏழைக்குக் கூலி கூட்டிக் கொடுத்தவரும் வாக்குக்காக வீடு விற்றவரும் ஒரே முறையின் கீழ் வந்தார்கள். கடைசியில் இங்கிலாந்து 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த முறையைக் கைவிட்டது. நாம் வைத்துக்கொண்டோம். வைத்துக்கொண்டது சரி என்றே நினைக்கிறேன். பொதுப் பணத்தை விட்டுக்கொடுத்தவர் பதவி இழப்போடு தப்பிப் போகக் கூடாது. ஆனால் யாரிடமிருந்து வசூலிப்பது என்பதில் நாம் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 இதை எப்படி அமைத்திருக்கிறது? மாநகராட்சியில் பணத்தைச் செலவிடும் அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத்தில் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பி.டி.ஓ.). கிராம ஊராட்சியில் மட்டும் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரே செயல் அதிகாரி. மற்ற மன்றங்களில் அரசு ஊழியர் சுமக்கும் பாரத்தை இங்கே நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணோ, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு விவசாயியோ சுமக்க வேண்டும். 188-ஆம் பிரிவின்படி செக்கில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவரை ஒருவர் கண்காணிக்கட்டும் என்பது அதன் நோக்கம். நடைமுறையில் துணைத்தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால் ஊராட்சியின் மின்கட்டணம்கூட நின்றுபோகும். அப்போது மாவட்ட ஆட்சியர் வேறொரு உறுப்பினருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்கலாம். அவசரநிலைக்கென்று உள்ள 203-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, கையெழுத்து அதிகாரத்தையே பி.டி.ஓ.விடம் ஒப்படைக்கும் உத்தரவுகளும் வருவதுண்டு.

தலைவரைப் பதவியிலிருந்து நீக்க உதவுவது 205-ஆம் பிரிவு. சட்டத்தையோ விதியையோ முறையான உத்தரவையோ வேண்டுமென்றே நிறைவேற்றாமல் விட்டால், மீறினால், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியர் விளக்கம் கேட்கலாம். தாமாகவும் கேட்கலாம், மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்தாலும் கேட்கலாம். விளக்கம் திருப்தி தராவிட்டால் தாசில்தார் ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். முடிவெடுப்பவர் ஆட்சியர், நீக்கம் அரசிதழில் வரும். பதவி பறிபோவதோடு பணத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஊராட்சியின் பணமோ சொத்தோ ஒரு தலைவரின் அல்லது உறுப்பினரின் அலட்சியத்தாலும் முறைகேட்டாலும் நேரடியாக இழப்புக்கு ஆளானால், அவர்மேல் நட்டஈட்டு வழக்குத் தொடரலாம். குற்றவியல் சட்டம் இன்னும் கடுமையானது. தலைவரும் உறுப்பினரும் சட்டத்தின் கண்ணில் பொது ஊழியர்கள். நம்பி ஒப்படைத்த பணத்தைப் பொது ஊழியர் கையாடினால் ஆயுள் தண்டனை வரை போகலாம் என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் அது அப்படியே தொடர்கிறது. இவற்றுக்கு மேலே 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு மன்றம் இருக்கிறது, அதன் விதி இதைவிடத் தெளிவானது. திருமங்கலம், வாடிப்பட்டி, மேலூர்ப் பக்கத்து விவசாயிக்கு ஊராட்சியைக் காட்டிலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம்தான் அன்றாடம் போய்வரும் இடம். அதன் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-ஆம் பிரிவு பொருந்தும். சங்கத்தின் பணத்தைக் கையாடியவர், நம்பிக்கை மோசடியாலோ வேண்டுமென்றே காட்டிய அலட்சியத்தாலோ சங்கச் சொத்தில் குறைவு ஏற்படுத்தியவர், சட்டத்துக்கு மாறாகப் பணம் கொடுத்தவர் ஆகியோரிடமிருந்து வட்டியோடு வசூலிக்கப் பதிவாளர் உத்தரவிடலாம். உறுப்பினர் இறந்துபோயிருந்தால் அவர் சொத்தை அடைந்த வாரிசுக்கும் அந்த நடவடிக்கை போகும். அதே பிரிவு ஒரு தடுப்பையும் வைத்திருக்கிறது. செயல் நடந்து ஏழு ஆண்டுகள் கடந்தபின் நடவடிக்கையைத் தொடங்க முடியாது. குழுவில் இருந்தார், ஆகவே பொறுப்பாளி என்று பொத்தாம்பொதுவாக உத்தரவு போட்டால் செல்லாது, அலட்சியம் வேண்டுமென்றே காட்டப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. மகனோ மகளோ பதில் சொல்ல வேண்டியிருக்கிற ஒரு நடவடிக்கைக்கு இந்த அளவு கண்டிப்பு தேவையானதுதான்.

தவறுக்கும் முறைகேட்டுக்கும் இடையே கோடு போடுவதுதான் இந்தத் துறையில் மிகக் கடினமான வேலை. 2001-இல் பஞ்சாபின் தர்லோசன் தேவ் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஒரு நகராட்சித் தலைவரை நீக்க, அவர் தெரிந்தே செய்தார் என்பது வேண்டும், வெறும் பிழை போதாது என்றது. 2012-இல் மகாராஷ்டிரத்தின் ரவி யஷ்வந்த் போயிர் வழக்கில், மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்குவது அவரோடு முடிவதில்லை, அவரைத் தேர்ந்தெடுத்த மக்களையும் பாதிக்கிறது, ஆகவே இயற்கை நீதியை முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்றது. 2024 நவம்பரில் சத்தீஸ்கரிலிருந்து வந்த வழக்கு இங்கே இன்னும் பொருத்தமானது. ஜஷ்பூர் மாவட்டத்தில் 27 வயதுப் பெண் ஒருவர் சர்பஞ்சாக, அதாவது ஊராட்சித் தலைவராக இருந்தார். கட்டுமானப் பணிகள் தாமதமாயின என்று அவரை நீக்கினார்கள். பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் பொருள் வரத்தும் மழையும் சேர்ந்து தீர்மானிக்கும் வேலைக்கு ஒரு சர்பஞ்சைத் தனியே பொறுப்பாக்குவது எப்படி என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அவரை அலைக்கழித்ததற்காக மாநில அரசு 1 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும், வேண்டுமானால் அதைக் காரணமான அதிகாரிகளிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்றது. சொந்தப் பொறுப்பு என்பது தேர்ந்தெடுக்கப்பட்டவரை மட்டும் பிடிக்க வேண்டியதில்லை, அவர்மேல் அதிகாரம் செலுத்துபவரையும் பிடிக்கலாம் என்று சொன்ன தீர்ப்பு அது.

இனி மேலூருக்கு வருவோம். மேலவளவு ஊராட்சி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டலால் முதலில் மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, பின்னர் வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன, கடைசியில் காவலோடு நடந்த தேர்தலில் முருகேசன் தலைவரானார். ஊராட்சி அலுவலகத்துக்குள் போய் நிம்மதியாக உட்கார அவரால் முடியவில்லை. 1997 ஜூன் 30 அன்று, மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தவரையும் உடனிருந்தவர்களில் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். 2001-இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் பத்து ஆண்டுகள் தேர்தலே நடக்கவிடவில்லை. நடந்தாலும் வென்றவர் உடனே விலகல் கடிதம் கொடுத்தார். 2006 அக்டோபரில், உதயச்சந்திரன் மதுரை ஆட்சியராக இருந்தபோதுதான், அந்த ஊராட்சிகளுக்கு நிலைத்து நிற்கும் தலைவர்கள் கிடைத்தார்கள்.

இந்த வரலாற்றைச் சட்டப் பொறுப்பைப் பற்றிய கட்டுரையில் ஏன் சொல்ல வேண்டும்? அலுவலகத்துக்குள் போக முடியாத தலைவருக்கும் செலவுக் கணக்கில் கையெழுத்துப் போடும் கடமை இருந்தது என்பதால்தான். வென்றதும் விலகச் சொல்லி ஆள் நிறுத்தியவர்களின் பெயர் எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஏறவில்லை. இன்று நாற்காலியில் உட்காரவே விடாத நிலை பெரும்பாலும் மாறியிருக்கலாம். நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுச் செக் புத்தகத்தைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மாறிவிடவில்லை. ஒதுக்கீட்டு ஊராட்சியில் நிலமும் சாதிச் செல்வாக்கும் உள்ளவர் துணைத்தலைவராக அமர்ந்து, தன் கையெழுத்தைக் கயிறாக வைத்துத் தலைவரை இழுக்க முடியும். 2016 திருத்தத்தால் உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு வந்தபின், கணவரும் மைத்துனரும் பிரசிடெண்ட் என்று அழைக்கப்படுவது ஊருக்குப் பழகிப்போனது. மத்திய ஊராட்சி அமைச்சகம் அமைத்த குழு 2025 பிப்ரவரியில், இப்படிப் பின்னிருந்து நடத்துபவர்களுக்கு முன்மாதிரியான தண்டனை வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.

பணம் இணையவழிக்கு மாறியதும் இது இன்னும் சிக்கலானது. நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் கொடுக்க டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். பென்டிரைவ் போன்ற ஒரு சிறு பொருளும் அதன் கடவுச்சொல்லும் யாரிடம் இருக்கிறதோ அவரே ஊராட்சியின் கை. அதை ஊராட்சிச் செயலரிடமோ கணினி மையத்திலோ ஒப்பந்தக்காரரின் ஆளிடமோ விட்டுவைத்தால், பரிமாற்றத்தில் தலைவரின் பெயர்தான் பதிவாகும். காகிதச் செக்கிலாவது, இது என் கையெழுத்தே இல்லை என்று தடய அறிவியல் துறைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். டிஜிட்டல் கையொப்பத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது.

பின்னால் இருப்பவரைப் பிடிக்கச் சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற நல்லம்மாள் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், பொது ஊழியர் அல்லாதவரும் பொது ஊழியரின் ஊழல் குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்காக அவரோடு சேர்த்து விசாரிக்கப்படலாம் என்று தீர்ப்பளித்தது. ஆக, குற்றவியல் நீதிமன்றத்துக்கு அந்த வழி திறந்தே இருக்கிறது. தணிக்கைக்கும் 205-ஆம் பிரிவுக்கும்தான் அது இல்லை. அந்த இரண்டும் பதவியில் இருப்பவரைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை. ஊராட்சித் தலைவர்களில் பெரும்பாலோர் குற்றவியல் வழக்கைப் பார்ப்பதே இல்லை, தணிக்கைத் தடையையும் 205 நோட்டீசையும்தான் பார்க்கிறார்கள்.

மதுரை நகரத்தில் சிக்கல் தலைகீழாக இருக்கிறது. 100 வார்டுகள், ஐந்து மண்டலங்கள், நிலைக்குழுக்கள், மாமன்றம் என்று அடுக்கடுக்காக அமைந்த மாநகராட்சியில் எந்த ஒரு கவுன்சிலரின் கையெழுத்தும் பணத்தை நகர்த்துவதில்லை. 1971-ஆம் ஆண்டு மதுரை மாநகராட்சிச் சட்டத்தின் இடத்தில், 2023 ஏப்ரல் முதல் 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. இங்கும் நிர்வாகம் ஆணையரிடமே. 2025-இல் வெளிவந்த சொத்துவரி விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். அதிகாரிகளின் கடவுச்சொற்களைப் பயன்படுத்திக் கணினியில் பெரிய கட்டடங்களின் வரியைக் குறைத்து மாநகராட்சிக்குப் பல கோடி இழப்பு ஏற்படுத்தியதாகப் புகார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி சிறப்புக் குழு விசாரித்தது. ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் நிலைக்குழுத் தலைவர்கள் இருவரும் விலகினார்கள், அக்டோபரில் மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்று நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், பதவி விலகலைக் குற்ற ஒப்புதலாக எடுத்துக்கொள்வது தவறு. எனக்குப் படுவது வேறொன்று. வரி நிர்ணயத்தைக் கண்காணிக்க வேண்டிய மன்றம் கண்காணித்ததா என்ற கேள்விக்கு, இழந்த வரியில் ஒரு பங்கை யாரிடமிருந்தாவது வசூலிப்பதன் மூலம் பதில் சொல்லும் வழி இந்த அமைப்பில் தெளிவாக இல்லை. அரசியல் கட்சி ராஜினாமா கேட்கிறது, காவல்துறை கைது செய்கிறது. இரண்டுக்கும் நடுவே, கண்காணிக்கத் தவறியதற்கான சிவில் பொறுப்பு என்ற இடம் வெறுமையாகக் கிடக்கிறது. கிராமத்தில் ஒருவர்மேல் குவியும் பொறுப்பு நகரத்தில் நூறு பேருக்குள் கரைந்துவிடுகிறது.

பணம் தொடர்பான பொறுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கடமை தவறுவதால் உயிர் போவதை மறந்துவிடுவோம். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகர்க் கழிவுநீரேற்று நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூவர் இறந்தார்கள். மனிதரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்கும் வேலையில் அமர்த்தக் கூடாது என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சி அமைப்புகளைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகிறது. 2023 அக்டோபரில் பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. அந்த 30 லட்சத்தைப் பொதுக் கருவூலம் கொடுக்கும். ஒப்பந்தப் புள்ளியில் பாதுகாப்புக் கருவிகளைச் சேர்க்காமல் கையெழுத்திட்டவருக்கும், அதை மேசையைத் தட்டி நிறைவேற்றிய மன்றத்துக்கும் என்ன கணக்கு? 1980-இல் ரத்லாம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், சாக்கடையைச் சரிசெய்யப் பணமில்லை என்ற நகராட்சியின் வாதத்தை ஏற்க மறுத்தார், உத்தரவை மீறும் அதிகாரிகள் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்றும் எச்சரித்தார். 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், குடிமகனை அலைக்கழித்ததற்கான இழப்பீட்டை அந்த அதிகாரிகளிடமிருந்தே பிடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இரு தீர்ப்புகளையும் ஒவ்வொரு மாமன்றத்தின் முதல் கூட்டத்திலும் படிக்க வேண்டும்.

இன்னொரு வகைக் கையெழுத்தும் உண்டு, பணம் ஊராட்சியின் கணக்கைத் தொடாமலே போகும் வகை. ரிங் ரோட்டை ஒட்டிய ஊர்களில், ஒத்தக்கடை தொடங்கித் திருமங்கலம் சாலை வரை, பல ஆண்டுகளாக 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பெயரில் மனைகள் விற்கப்பட்டன. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வேண்டும், அதைத் தலைவர் தானாகக் கொடுத்துவிட முடியாது. அவருடைய முத்திரையை நம்பி வாங்கிய குடும்பங்கள் 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்தபோது தவித்தன. 2017-இல் வரன்முறை விதிகள் வந்து அவர்கள் கட்டணம் கட்டி மீள வேண்டியிருந்தது. அதிகாரமில்லாத கையெழுத்துக்கு விலை கொடுத்தவர்கள் மனை வாங்கியவர்கள்தாம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் வென்று வரப்போகிறவர்களிடம் முதல் செக்குக்கு முன்பே சில தாள்கள் இருக்க வேண்டும். ரொக்கப் புத்தகத்தின் இறுதி இருப்பும் வங்கி இருப்பும் ஒத்துப்போகின்றனவா, இல்லையென்றால் எத்தனை ரூபாய் வேறுபாடு என்று எழுதி, ஒப்படைப்பவர் கையெழுத்தும் தேதியும் பெற்றுக்கொள்ள வேண்டும். செக் புத்தகத்தில் மீதமுள்ள தாள்களின் எண்கள், பாதியில் நிற்கும் வேலைகளின் அளவுப் பதிவு, குழாயும் விளக்கும் மோட்டாரும் எத்தனை கையிருப்பு, கொடுபடாத பில்கள், நிலுவையில் உள்ள தணிக்கைத் தடைகள் ஆகியவையும் அதில் வேண்டும். பழைய டிஜிட்டல் கையொப்பத்தை ரத்து செய்து புதியதைத் தானே நேரில் வாங்க வேண்டும். வார்டு உறுப்பினருக்கு இதைவிடச் சுருக்கமான வேலை: ஒப்புக்கொள்ளாத தீர்மானத்துக்குத் தன் எதிர்ப்பைக் காரணத்தோடு தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்பது, எழுத மறுத்தால் அன்றே பதிவுத் தபாலில் பி.டி.ஓ.வுக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவது. பிறகு தண்டத்தீர்வை வரும்போது, வேண்டுமென்றே அலட்சியம் காட்டவில்லை என்று நிறுவ அவரிடம் இருக்கும் ஆவணம் அந்த ஒரு ரசீதாக இருக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது இதைவிடப் பெரிது. தணிக்கைத் தடை பதவிக்காலத்துக்குள்ளேயே எழ வேண்டும், கூட்டுறவுச் சட்டத்தில் இருப்பதுபோல அதற்கு ஒரு கால வரம்பு வேண்டும். ஒவ்வொரு தடையோடும் தணிக்கையாளர் நான்கு கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: பில்லைத் தயாரித்தவர் யார், அளவைச் சரிபார்த்த பொறியாளர் யார், டிஜிட்டல் கையொப்பம் அன்று யாரிடம் இருந்தது, தலைவர் தன் கையால் கையெழுத்திட்டாரா. நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், கோப்பு ஆட்சியரிடம் 205 நோட்டீசாகப் போகாமல் உடந்தைக் குற்றத்துக்கான புகாராகக் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும், அதில் முதல் பெயராகத் தலைவருடைய பெயர் இருக்கக் கூடாது.